1.4 டிபி மைஎஸ்கியூஎல்: சர்வரை நிறுத்தாமல் பேக்கப் எடுப்பது எப்படி?

நள்ளிரவு_நிர்வாகி (கேள்வி)

வணக்கம். மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) 8.0.36, லினக்ஸ், மொத்தம் 1.4 டிபி (டெராபைட்). அதில் ஒரே டேபிள் மட்டும் 620 ஜிபி. மைஐஎஸ்ஏஎம் என்ற சேமிப்பு எஞ்சினில் ஐந்து பழைய டேபிள்கள், சேர்த்தால் 3 ஜிபி வரும், மற்றதெல்லாம் இன்னோடிபி எஞ்சின். இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்கும் சிஸ்டம். நிறுத்திவைக்க ஒரு நேரம் கிடையாது.

இப்போது இரவு 2 மணிக்கு கிரானில் (நேரம் வைத்து ஓட்டும் கருவி) மைஎஸ்கியூஎல்டம்ப், அதாவது டேட்டாவை எஸ்கியூஎல் கட்டளைகளாக எழுதித்தரும் கருவி; அதன் வெளியீடு அப்படியே சுருக்கும் கருவியான ஜிசிப்புக்கு பைப். ஆப்ஷன் எதுவும் கொடுக்காதபோது டம்ப் முடியும்வரை டேட்டாபேஸில் எழுதும் வேலைகள் (எழுத்துகள்) தொங்கின. பிறகு சிங்கிள்-டிரான்சாக்ஷன், சோர்ஸ்-டேட்டா=2 இரண்டையும் சேர்த்தோம். பெரும்பாலான நாள் பிரச்சினை இல்லை. சில நாள் மட்டும் டம்ப் தொடங்கும்போதே எல்லாம் உறைகிறது. பிராசஸ்லிஸ்டில் (ஓடும் க்வெரிகளின் பட்டியல்) நூற்றுக்கணக்கான வரிகள் "வெயிட்டிங் ஃபார் டேபிள் ஃப்ளஷ்" என்று நிற்கின்றன. டம்பை கில் செய்தாலும் உடனே விடுவதில்லை.

ஏன் சில நாள் மட்டும்? இந்த அளவுக்கு டம்ப் சரியான வழிதானா? ரெப்ளிகா (மாஸ்டர் என்ற மூல சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்றும் நகல் சர்வர்) ஒன்று ஓடுகிறது. அது இருக்க பேக்கப் தனியாக எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

---

பின்லாக்_பிரியன்

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் எழுதினால் இரண்டுமே "லாக்" ஆகிவிடும். இந்த இழையில் லாக் என்றால் நடந்தவற்றின் பதிவு, பிறரைத் தடுக்கும் மற்றது பூட்டு; கட்டளை, ஆப்ஷன் பெயர்களில் மட்டும் பூட்டும் லாக் என்றே வரும்.

ஆப்ஷன் இல்லாத டம்ப் ஏன் தொங்கவிட்டது என்றால், மைஎஸ்கியூஎல்டம்ப் இயல்பாகவே லாக்-டேபிள்ஸ் ஆப்ஷனோடுதான் ஓடும். ஒரு டேட்டாபேஸை எழுதி முடிக்கும்வரை அதிலுள்ள எல்லா டேபிளுக்கும் வாசிப்புப் பூட்டு. சிங்கிள்-டிரான்சாக்ஷன் கொடுத்ததும் அது அணைந்து, ரிப்பீட்டபிள் ரீடில் (தொடங்கிய கணத்து டேட்டாவையே கடைசிவரை காட்டும் நிலை) ஒரு ஸ்னாப்ஷாட் டிரான்சாக்ஷன் திறந்து படிக்கும். இன்னோடிபிக்கு அது போதும். உங்கள் ஐந்து மைஐஎஸ்ஏஎம் டேபிளுக்கு அந்த ஸ்னாப்ஷாட் என்ற பேச்சே இல்லை. டம்ப் அவற்றைத் தொடும் நேரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும்.

"சில நாள் மட்டும்" உறைவதற்குக் காரணம் சோர்ஸ்-டேட்டா. பின்லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் தொடர் பதிவு) இடத்தைக் குறித்துக்கொள்ள அது தொடக்கத்தில் ஃப்ளஷ் டேபிள்ஸ் (திறந்த டேபிள்களை மூடுவது), பிறகு ஃப்ளஷ் டேபிள்ஸ் வித் ரீட் லாக் (எல்லாவற்றுக்கும் வாசிப்புப் பூட்டு) போடுகிறது. வழக்கமாக ஒரு நொடிக்குள் முடிகிற வேலை. ஆனால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு ரிப்போர்ட் கேள்வி (க்வெரி) 25 நிமிடமாகப் பெரிய டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால், ஃப்ளஷ் அது முடியக் காத்திருக்கும். ஃப்ளஷ் காத்திருக்கும்போது அதே டேபிளைத் தொட வரும் ஒவ்வொரு புதுக் கேள்வியும் ஃப்ளஷ்ஷுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். உங்கள் 620 ஜிபி டேபிளை எல்லாக் கேள்வியும் தொடும் என்பதால் மொத்த சர்வரும் உறைந்த மாதிரி தெரிகிறது.

அடுத்த முறை நடக்கும்போது பிராசஸ்லிஸ்டை டைம் பத்தியை வைத்து இறங்குவரிசையில் அடுக்குங்கள். 412 நொடி காத்திருக்கும் ஃப்ளஷ் வரி ஒன்று தெரியும். அதற்குக் கீழே 411, 410, 409 என்று வரிசை கட்டி நிற்பவை பலியானவை. ஃப்ளஷ்ஷுக்கு மேலே, 1460 நொடி என்று தனியாக ஒரு செலக்ட் ஓடிக்கொண்டிருக்கும். குற்றவாளி அதுதான். அதைத்தான் கில் செய்ய வேண்டும். ஃப்ளஷ்ஷை மட்டும் கில் செய்தால் பயனில்லை: டேபிள் "பழைய பதிப்பு" என்று ஏற்கெனவே குறிக்கப்பட்டாயிற்று, அந்த செலக்ட் கைவிடும்வரை புதியவர்கள் உள்ளே போக முடியாது. டம்பைக் கில் செய்தும் விடவில்லை என்றீர்களே, அதன் காரணம் இதுவே.

லாக்_வெயிட்_டைம்அவுட் இயல்பு மதிப்பு 31536000 நொடி, அதாவது ஒரு வருடம். தானாக விடுபடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டம்ப் ஸ்கிரிப்ட் தொடங்குமுன் 60 நொடிக்கு மேல் ஓடும் கேள்வி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தள்ளிப்போடுங்கள். ரிப்போர்ட் பயனருக்கு மேக்ஸ்_எக்ஸிகியூஷன்_டைம் வையுங்கள். அது மில்லிநொடியில், செலக்டுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் இதையெல்லாம் சரிசெய்தாலும் 1.4 டிபிக்கு டம்ப் முதன்மை பேக்கப்பாக ஆகாது. காரணங்கள் இரண்டு. ஸ்னாப்ஷாட் டிரான்சாக்ஷன் எட்டு மணி நேரம் திறந்திருந்தால் அந்த எட்டு மணி நேரத்தின் பழைய வரிப் பதிப்புகளை பர்ஜ் (அவற்றைத் துடைக்கும் பின்னணி வேலை) நீக்க முடியாது. ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸில் "ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த்" ஏறிக்கொண்டே போகும், அந்தப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் அன்டூ கோப்புகள் வீங்கும், சாதாரணக் கேள்விகளும் மெதுவாகும். பூட்டு இல்லை என்பதற்காகச் சுமையே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டாவது, ரீஸ்டோர். டம்ப் என்பது இன்செர்ட் வரிகள். ஒரே த்ரெட்டில் எல்லா வரியையும் மறுபடி நுழைத்து, எல்லா இண்டெக்ஸையும் மறுபடி கட்ட வேண்டும். எடுக்க ஆன நேரத்தைப்போல் பல மடங்கு ஆகும். சர்வர் விழுந்த அன்று அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது கொடுமை.

ரெப்ளிகா பற்றி: மாஸ்டரில் ஒருவர் எந்த வரிகள் என்று சொல்லும் "வேர்" நிபந்தனை இல்லாமல் டிலீட் போட்டால் ரெப்ளிகா அதை அடுத்த நொடியே விசுவாசமாகச் செய்து முடித்துவிடும். சேஞ்ச் ரெப்ளிகேஷன் சோர்ஸில் சோர்ஸ்_டிலே = 3600 வைத்த இரண்டாவது ரெப்ளிகா ஒரு மணி நேர அவகாசம் தரும். நல்ல துணை. ஆனால் நேற்றைக்குப் போக அதனால் முடியாது. ரெப்ளிகாவின் உண்மையான பயன் வேறு: பேக்கப் சுமையை அங்கே தள்ளிவிடலாம்.

---

கரையான்

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. நடைமுறையை நான் சொல்கிறேன்: பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப் (சர்வர் ஓடும்போதே டேட்டா கோப்புகளை நகலெடுக்கும் கருவி) 8.0 வரிசை. 2.4 வரிசை மைஎஸ்கியூஎல் 8.0-ஐப் படிக்காது, 8.4 வரிசையும் ஆகாது. (மரியாடிபி வைத்திருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அவர்களுக்கு மரியாபேக்கப்.)

அது செய்வது இவ்வளவுதான். டேபிள் கோப்புகளைப் பக்கம் பக்கமாக நகலெடுக்கிறது. எடுக்க எடுக்க அவை மாறிக்கொண்டிருக்கும், அதனால் நகல் ஒரே நேரத்தைச் சேர்ந்ததாக இருக்காது. அதைச் சரிக்கட்ட, தொடங்கிய நொடியிலிருந்து ரீடூ லாக்கை (இன்னோடிபி தன் மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) இன்னொரு த்ரெட் பின்தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ப்ரிப்பேர் கட்டத்தில் அந்த ரீடூவை நகலின் மேல் ஓட்டினால், எல்லாப் பக்கமும் பேக்கப் முடிந்த கணத்துக்கு வந்து சேரும். மின்சாரம் போய் வந்தபின் இன்னோடிபி தன்னைச் சரிசெய்துகொள்கிறதே, அதே வேலை.

எல்லாமே இன்னோடிபி என்றால் 8.0-இல் எழுத்தை நிறுத்தும் பூட்டு எந்த இடத்திலும் தேவைப்படாது. லாக் இன்ஸ்டன்ஸ் ஃபார் பேக்கப் மட்டும் போடும். அது டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர், டிராப் போன்றவற்றை நிறுத்தும், இன்செர்ட் அப்டேட்டை விட்டுவிடும். ஒரு மைஐஎஸ்ஏஎம் டேபிள் இருந்தாலும் கடைசியில் பழைய ஃப்ளஷ் டேபிள்ஸ் வித் ரீட் லாக் திரும்ப வந்துவிடும், அதோடு மேலே விவரித்த உறைவும். ஆகவே முதல் வேலை அந்த ஐந்தையும் ஆல்டர் டேபிள் வழியாக இன்னோடிபி ஆக்குவது. 3 ஜிபிதான். ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸுக்காக விட்டுவைத்திருந்தால், 5.6-இலிருந்தே இன்னோடிபியில் அது உண்டு. மாற்றவே முடியாது என்றால் எஃப்டிடபிள்யூஆர்எல்-வெயிட்-டைம்அவுட் ஆப்ஷனில் (பெயரின் முதல் பகுதி அந்த ஃப்ளஷ் கட்டளையின் சுருக்கம்) 120 போன்ற ஒரு மதிப்பு கொடுங்கள். நீளமான கேள்வி ஓடினால் அவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்து, முடியவில்லை என்றால் பேக்கப் தோற்று வெளியேறும். சர்வர் உறைவதைவிட பேக்கப் தோற்பது மேல்.

பயனருக்குத் தேவையான உரிமைகள்: பேக்கப்_அட்மின், பிராசஸ், ரீலோட், லாக் டேபிள்ஸ், ரெப்ளிகேஷன் கிளையன்ட், அதோடு பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் லாக்_ஸ்டேட்டஸ் டேபிளைப் படிக்கும் செலக்ட். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

உள்வட்டில் இன்னொரு 1.4 டிபி இடம் தேவையில்லை. பேரலல்=4, கம்ப்ரஸ்=இசட்எஸ்டிடி, ஸ்ட்ரீம்=எக்ஸ்பிஸ்ட்ரீம் (கோப்புகளை ஒரே ஓட்டமாகக் கட்டும் வடிவம்) கொடுத்து எஸ்எஸ்ஹெச் வழியாக பேக்கப் சர்வருக்கே அனுப்பி, அந்தப் பக்கம் எக்ஸ்பிஸ்ட்ரீம் மைனஸ் எக்ஸ் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். பைப் போடும்போது ஷெல்லில் பைப்ஃபெய்ல் செட் செய்யுங்கள். பேஷ் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே பார்க்கும். எக்ஸ்ட்ராபேக்கப் பாதியில் செத்தாலும் எஸ்எஸ்ஹெச் சரியாக முடிந்தால் ஸ்கிரிப்ட் "வெற்றி" என்று சொல்லிவிடும். உங்கள் இப்போதைய டம்ப்-ஜிசிப் பைப்பிலும் இதே ஓட்டை இருக்கிறது. இன்றே பாருங்கள்: ஒழுங்காக முடிந்த டம்பின் கடைசி வரி "டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்" என்று தேதியோடு இருக்கும். எக்ஸ்ட்ராபேக்கப்பின் லாக்கில் கடைசி வரி "கம்ப்ளீட்டட் ஓகே!". அந்த வரி இல்லை என்றால் பேக்கப் இல்லை.

ப்ரிப்பேரை ரீஸ்டோர் நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள். பேக்கப் வந்து இறங்கியதும் பேக்கப் சர்வரிலேயே விரித்து ஓட்டிவிடுங்கள். யூஸ்-மெமரி இயல்பாக 100 எம்பி மட்டுமே. 8 ஜிபி, 16 ஜிபி கொடுத்தால் வேகம் வேறு.

இன்க்ரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும்) எடுப்பவர்கள் கவனிக்க: அடிப்படை பேக்கப்புக்கும் இடையிலுள்ள இன்க்ரிமென்டல்களுக்கும் அப்ளை-லாக்-ஒன்லி கொடுத்துத்தான் ப்ரிப்பேர் செய்ய வேண்டும், கடைசி ஒன்றுக்கு மட்டும் அது வேண்டாம். மறந்து அடிப்படையை முழுதாக ப்ரிப்பேர் செய்துவிட்டால், அதன்மேல் எந்த இன்க்ரிமென்டலும் ஒட்டாது. மேலும், மாறிய பக்கம் எது என்று கண்டுபிடிக்க அது எல்லா .ஐபிடி (டேபிள் டேட்டா) கோப்பையும் முழுக்கப் படிக்கும். சேமிப்பிடமும் நெட்வொர்க்கும் மிச்சம், வட்டு வாசிப்பு மிச்சமில்லை.

---

நள்ளிரவு_நிர்வாகி

நன்றி. குற்றவாளி செலக்ட் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது.

ரெப்ளிகாவில் எக்ஸ்ட்ராபேக்கப் ஓட்டியதில் 70 சதவீதத்தில் நின்றது: ரீடூ லாக் படிப்பதற்குள் மேலெழுதப்பட்டுவிட்டது என்ற பொருளில் ஒரு பிழை. பேக்கப் சர்வருக்கு 1 ஜிகாபிட் இணைப்பு. ரீடூ அமைப்பில் எதையும் தொட்டதில்லை.

---

கரையான்

தொடாததுதான் பிரச்சினை. 8.0.30-க்குப் பிறகு இன்னோடிபி_ரீடூ_லாக்_கெப்பாசிட்டி இயல்பு மதிப்பு 100 எம்பி. ரீடூ ஒரு வட்டப்பாதை. எழுதுபவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நகலெடுப்பவர் கடந்திருக்க வேண்டும். ஸ்ட்ரீம் செய்யும்போது ரீடூ நகலும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. குழாய் அடைத்தால் நகலெடுப்பவர் பின்தங்குவார்.

இன்னோடிபி_ஓஎஸ்_லாக்_ரிட்டன் ஸ்டேட்டஸை உச்ச நேரத்தில் 60 நொடி இடைவெளியில் இருமுறை எடுத்துக் கழியுங்கள். நிமிடத்துக்கு 300 எம்பி வருகிறது என்றால் 100 எம்பி ரீடூ 20 நொடிகூடத் தாங்காது. 16 ஜிபி வைத்தால் ஐம்பது நிமிடத்துக்கு மேல் தாங்கும். 8.0.30-இலிருந்து இதை செட் குளோபல் கொண்டு ஓடும்போதே மாற்றலாம், ரீஸ்டார்ட் வேண்டாம். திடீர் நிறுத்தத்துக்குப் பிறகு மீட்பு நேரம் கொஞ்சம் கூடும். இந்த அளவு டேட்டாபேஸுக்கு அது பொருட்டல்ல.

இணைப்பின் கணக்கு: 1 ஜிகாபிட்டில் நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பி. 1.4 டிபியைச் சுருக்காமல் அனுப்பினால் மூன்றரை மணி நேரம். சுருக்கி அனுப்பினால் பாதியாகலாம், சிபியு இருந்தால். ரீஸ்டோருக்கும் இதே குழாய், எதிர்த் திசையில். அதையும் எழுதி வையுங்கள்.

---

வட்டுமேல்_வட்டு

கொஞ்சம் மாற்றுக் கருத்து. வட்டு அடுக்கில் எல்விஎம் (லினக்ஸில் வட்டை வால்யூம்களாக நிர்வகிப்பது; ஒரு கணத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாகப் பிடிக்கும்) இருந்தால் இவ்வளவும் தேவையா? ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி. ஃப்ளஷ் டேபிள்ஸ் வித் ரீட் லாக், பின்லாக் இடத்தைக் குறித்துக்கொள், எல்விகிரியேட் (ஸ்னாப்ஷாட் எடுக்கும் கட்டளை), அன்லாக் டேபிள்ஸ். பிறகு ஸ்னாப்ஷாட்டை மவுன்ட் செய்து நிதானமாக நகலெடுக்கலாம்.

செய்பவர்கள் தவறும் இடங்கள்:

பூட்டு போட்ட செஷன் மூடினால் பூட்டும் போய்விடும். ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு வரியில் மைஎஸ்கியூஎல் மைனஸ் இ கொண்டு பூட்டுப் போட்டு, அடுத்த வரியில் எல்விகிரியேட் எழுதியிருப்பார்கள். முதல் வரி முடிந்தபோதே பூட்டு அவிழ்ந்தாயிற்று. ஒரே செஷனுக்குள் சிஸ்டம் கட்டளை மூலம் எல்விகிரியேட்டை அழைக்க வேண்டும்.

டேட்டா ஒரு வால்யூமிலும் ரீடூ இன்னொரு வால்யூமிலும் இருந்தால் இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கும் இடையே மில்லிநொடி வித்தியாசம் போதும், நகல் செல்லாது. ஃப்ளஷ் பூட்டு இதைக் காக்காது, ஏனென்றால் இன்னோடிபியின் பின்னணி த்ரெட்கள் பூட்டுக்குப் பிறகும் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே வால்யூமில் இருப்பது கட்டாயம்.

ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கும் இடம்: நகலெடுக்கும் நேரம் பெருக்கல் மாறும் வேகம். நொடிக்கு 10 எம்பி புதிய இடங்கள் மாறினால் நான்கு மணி நேரத்துக்கு 144 ஜிபி. நிறைந்தால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். எல்விஎஸ் காட்டும் டேட்டா சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சாதாரண ஸ்னாப்ஷாட்டில் மூல வால்யூமுக்கு ஆபத்தில்லை. தின் பூலில் (மூலமும் ஸ்னாப்ஷாட்டும் பகிரும் பொது இடம்) பூலே நிறைந்தால் மூலத்தின் எழுத்தும் நின்றுவிடும், அது வேறு விளையாட்டு.

கோப்பு அமைப்பு எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுன்டில் நோயுயுஐடி கொடுக்காமல் அதே மெஷினில் ஏறாது. நகலிலிருந்து புது ரெப்ளிகா எழுப்பினால் ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு சர்வருக்கும் ஒரே யுயுஐடி (அடையாள எண்).

---

பின்லாக்_பிரியன்

வட்டுமேல்_வட்டு சொல்வது சரி, ஒரு சேர்க்கையோடு: ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும்வரை மூலத்தில் ஒவ்வொரு புது இடத்து எழுத்தும் பழைய எல்விஎம் முறையில் இரட்டிப்பு வேலை ஆகிறது. அதனால் எழுத்து அதிகமுள்ள மாஸ்டரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெப்ளிகாவில் தாராளமாகச் செய்யலாம். இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பு இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, எக்ஸ்ட்ராபேக்கப் ஒவ்வொரு பக்கத்தின் செக்சம்மையும் (பக்கம் கெடவில்லை என்று காட்டும் எண்) சரிபார்த்துக்கொண்டே நகலெடுக்கும். ஸ்னாப்ஷாட் கெட்ட பக்கத்தையும் கேள்வி கேட்காமல் எடுத்துவரும்.

இதுவரை யாரும் தொடாதது பின்லாக். இரவு 2 மணி பேக்கப் மட்டும் இருந்தால் மாலை 6 மணிக்கு விழுந்தவர் 16 மணி நேரத்தை இழக்கிறார். பேக்கப்புக்கும் இப்போதைக்கும் இடைப்பட்டதை நிரப்புவது பின்லாக் மட்டுமே, அதுவும் செத்த சர்வரின் வட்டிலேயே இருந்தால் பயனில்லை. பேக்கப் சர்வரில் மைஎஸ்கியூஎல்பின்லாக்கை ரீட்-ஃப்ரம்-ரிமோட்-சர்வர், ரா, ஸ்டாப்-நெவர் மூன்றோடும் ஓட விடுங்கள். பின்லாக் நிகழ நிகழ இங்கே வந்து சேரும். அது ரெப்ளிகாபோல் விடாமல் மறுபடி மறுபடி இணைய முயலாது; இணைப்பு போனால் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியேறிவிடும். ஆகவே சிஸ்டம்டியின் (லினக்ஸ் சேவை நிர்வாகி) கீழ் ரீஸ்டார்ட் வைத்து, கையில் உள்ள கடைசிக் கோப்பின் பெயரிலிருந்து மறுபடி தொடங்கும் சிறு ஸ்கிரிப்ட் தேவை. மாஸ்டரில் சிங்க்_பின்லாக்=1. பின்லாக்_எக்ஸ்பைர்_லாக்ஸ்_செகண்ட்ஸ் இயல்பாக 2592000, முப்பது நாள். இடம் போதவில்லை என்று யாரோ ஒரு நாளாகக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

குறிப்பிட்ட கணத்துக்குத் திரும்பும்போது: எக்ஸ்ட்ராபேக்கப்_பின்லாக்_இன்ஃபோ கோப்பில், பேக்கப் எடுத்த சர்வரின் பின்லாக் பெயரும் இடமும் இருக்கும். அங்கே ஸ்டார்ட்-பொசிஷன். முடிவுக்கு ஸ்டாப்-டேட்டைம் வேண்டாம். ஒரு நொடிக்குள் நூறு டிரான்சாக்ஷன் நடந்திருக்கும், போதாக்குறைக்கு அது கட்டளை ஓடும் மெஷினின் உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொள்ளும். தவறான டிராப் இருக்கும் இடத்தை பேஸ்64-அவுட்புட்=டிகோட்-ரோஸ், விவி கொடுத்துத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய இடத்தை ஸ்டாப்-பொசிஷனில் கொடுங்கள். பல பின்லாக் கோப்புகளை ஒரே கட்டளையில் வரிசையாகக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றாகத் தனித்தனி இணைப்பில் அல்ல.

---

யானைப்பாகன்

இழை மைஎஸ்கியூஎல் என்றாலும், போஸ்ட்கிரெஸ் (இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்) ஆட்கள் தேடி வருவார்கள் என்பதால் சுருக்கமாக.

பிஜி_டம்ப் அக்செஸ் ஷேர் பூட்டு மட்டுமே எடுக்கும், எழுத்தைத் தடுக்காது. ஆனால் டம்ப் ஓடும்போது யாராவது ஆல்டர் டேபிள் போட்டால் அது டம்ப் முடியக் காத்திருக்கும், அந்த ஆல்டருக்குப் பின்னால் மற்ற எல்லோரும். மேலே பார்த்த அதே வரிசை, ஆள் மட்டும் வேறு. ஆல்டர் போடும் செஷனில் லாக்_டைம்அவுட் 3 நொடி வைத்தால் தப்பலாம்.

பெரிய அளவுக்கு பிஜி_பேஸ்பேக்கப் அல்லது பிஜிபேக்ரெஸ்ட், கூடவே "வால்" (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் போஸ்ட்கிரெஸ் பதிவு) ஆர்க்கைவ். ஆர்க்கைவ்_கமாண்ட் தோற்றுக்கொண்டே இருந்தால் போஸ்ட்கிரெஸ் அந்த வால் கோப்பை நீக்காது, பிஜி_வால் அடைவு நிறைந்து சர்வரே நிற்கும். கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (ரெப்ளிகா எதுவரை படித்தது என்று காக்கும் குறிப்பு) இதையே செய்யும். பதிப்பு 13-இலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் வைத்து வரம்பு கட்டலாம். ஸ்டாண்ட்பையில் (போஸ்ட்கிரெஸின் ரெப்ளிகா) பிஜி_டம்ப் எடுப்பவர்களுக்கு "கான்ஃபிளிக்ட் வித் ரிகவரி" என்று பாதியில் அறுந்தால், மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே இயல்பு 30 நொடி என்பதே காரணம். 13-இலிருந்து பிஜி_வெரிஃபைபேக்கப் உண்டு, 17-இலிருந்து பிஜி_பேஸ்பேக்கப்பே இன்க்ரிமென்டல் எடுக்கும்.

---

மீட்டால்தான்_உண்டு

எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள்.

நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லாப்பில் 2017 ஜனவரி 31 அன்று என்ன நடந்தது என்பதை அவர்களே முழுமையாக வெளியிட்டார்கள். தவறான சர்வரில் டேட்டா அடைவு அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஜிபி. பிறகு பேக்கப்பைத் தேடினால் அதைப் போட்டுவைக்கும் கிளவுட் பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, ஓடியது 9.2-இன் பிஜி_டம்ப், ஒவ்வொரு நாளும் பிழை கொடுத்து நின்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் காப்பாற்றியது வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்.

இதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியது: தோல்வியை அறிவிக்கும் அலர்ட் வேண்டாம், வெற்றி வராவிட்டால் அலறும் அலர்ட் வேண்டும். "கடந்த 26 மணி நேரத்தில் சரிபார்க்கப்பட்ட பேக்கப் எதுவும் இல்லை" என்று கண்காணிப்பு தானாகக் கத்த வேண்டும். அளவையும் கவனியுங்கள்: நேற்று 480 ஜிபி, இன்று 310 ஜிபி என்றால் யாராவது பார்த்தாக வேண்டும்.

சோதனை ரீஸ்டோரை வாரம் ஒருமுறை தனி மெஷினில் தானாக ஓட வையுங்கள். காலி டேட்டா அடைவில் காப்பி-பேக், சவுன் மூலம் உரிமையாளரை மைஎஸ்கியூஎல் பயனராக்குதல் (இதை விட்டால் சர்வர் எழாது, எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு இருந்தால் ரீஸ்டோர்கான் கட்டளையும்), சர்வரைத் தொடக்கி, அதை மாஸ்டருக்கு ரெப்ளிகாவாக இணைத்துவிடுங்கள். பின்லாக் இடம் சரியாக இருந்தால் பிழையில்லாமல் பிடித்துவரும். டூப்ளிகேட் கீ பிழை வந்தால் இடம் தவறு. பிடித்துவந்தபின் பிடி-டேபிள்-செக்சம் (மாஸ்டர், ரெப்ளிகா இரண்டிலும் டேட்டா ஒன்றேதானா என்று ஒப்பிடும் கருவி). இந்த ஒரே சோதனையில் கோப்பு, இடக்குறிப்பு, பின்லாக் மூன்றும் தேறிவிடும்.

இதே செக்சம்மால் உங்கள் இப்போதைய ரெப்ளிகாவையும் மாஸ்டரோடு ஒப்பிடுங்கள். பின்தங்கல் பூஜ்யம் என்பது டேட்டா ஒன்றேதான் என்பதற்குச் சான்றல்ல. விலகிப்போன ரெப்ளிகாவிலிருந்து எடுத்த பேக்கப் விலகிப்போன பேக்கப்தான்.

ரீஸ்டோர் மெஷினில் சிக்கவைக்கும் இரண்டு: லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் மூலத்தில் இருந்த மதிப்பே இருக்க வேண்டும், மாறினால் 8.0 தொடங்க மறுக்கும். டேபிள்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் கீரிங் (குறியாக்கச் சாவிகள்) தனியாகப் பத்திரமாக வேண்டும். அது டேட்டா பேக்கப்போடு ஒரே பெட்டியில் கிடந்தால் குறியாக்கத்துக்கே பொருளில்லை, எங்குமே இல்லையென்றால் பேக்கப்புக்குப் பொருளில்லை.

பேக்கப் சர்வர்தான் டேட்டாபேஸிடம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸ் சர்வரில் பேக்கப்பை அழிக்கும் உரிமையுள்ள சாவி கிடந்தால், உள்ளே நுழைந்தவர் முதலில் தேடுவது அதைத்தான்.

---

நள்ளிரவு_நிர்வாகி

ரீடூ 16 ஜிபி ஆக்கி, மைஐஎஸ்ஏஎம்மை மாற்றியபின் ரெப்ளிகாவில் "கம்ப்ளீட்டட் ஓகே!" வந்தது. டம்பை முழுக்க நிறுத்திவிடலாமா? இன்னொன்று: பேக்கப் நடுவே மாஸ்டரில் ஒரு ஆல்டர் ஓடினால் ரெப்ளிகா பின்தங்கிக்கொண்டே போகிறது. இது இயல்பா?

---

கரையான்

இயல்பு. பேக்கப் பூட்டு இருக்கும்வரை ரெப்ளிகாவில் ஆல்டர் காத்திருக்கும், அதற்குப் பின் வந்த எல்லாமும். பேக்கப் முடிந்ததும் பிடித்துவிடும். அந்த ரெப்ளிகாவிலிருந்து பயனர்கள் படிக்கிறார்கள் என்றால் பழைய டேட்டாவைப் பார்ப்பார்கள், அப்போது பேக்கப்புக்கு மட்டும் தனி ரெப்ளிகா வையுங்கள். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் மெட்டாடேட்டா_லாக்ஸ் டேபிளில் ஆப்ஜெக்ட்_டைப் "பேக்கப் லாக்" என்று தேடினால் யார் பிடித்திருக்கிறார், யார் காத்திருக்கிறார் என்று தெரியும். ஸ்கீமா மாற்ற ஸ்கிரிப்டையும் பேக்கப் ஸ்கிரிப்டையும் ஒரே பூட்டுக்கோப்பின் மேல் ஃப்ளாக் கட்டளையால் ஓடவிட்டால் இரண்டும் மோதாது. ஆனால் இரண்டும் ஒரே மெஷினிலிருந்து கிளம்ப வேண்டும்.

டம்பை நிறுத்த வேண்டாம், மாதம் ஒருமுறையாக்குங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப்புக்குப் பதில் மைஎஸ்கியூஎல் ஷெல்லின் டம்ப்இன்ஸ்டன்ஸ். டேபிள்களைத் துண்டாக்கிப் பல த்ரெட்டில் எடுக்கும், இசட்எஸ்டிடியில் சுருக்கும், லோட்டம்ப்பும் அதேபோல் இணையாக ஏற்றும். பதிப்பு மாறும்போதும் ஒரே டேபிளை மட்டும் எடுக்க வேண்டியபோதும் இதுதான் கைகொடுக்கும். 620 ஜிபி டேபிளை மட்டும் விரைவாக மீட்க வேண்டுமென்றால், எக்ஸ்ட்ராபேக்கப்பை எக்ஸ்போர்ட் ஆப்ஷனோடு ப்ரிப்பேர் செய்து, டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ், கோப்பை நகர்த்தல், இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ். டேபிள் அமைப்பு பேக்கப் எடுத்த நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பேக்கப்போடும் நோ-டேட்டா டம்ப் ஒன்றையும் பக்கத்தில் போட்டுவையுங்கள், சில எம்பிதான் வரும்.